உடைந்த ஜாடிக்கு எத்தனை படம்?

மார்ச் 3, செவ்வாய்

உடைந்த ஜாடியின் படத்தைப் பார்த்து, அது வழியில் உடைந்ததா, வாங்கியவர் கையிலிருந்து நழுவியதா என்று எப்படிச் சொல்வது? எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததுபோல் பதில் மட்டும் எழுதிவிடுகிறேன்.

தங்கை பின்னறையில் பீங்கான் டீ ஜாடிகள் செய்கிறாள். அவற்றை இணையத்தில் விற்பது, கட்டி அனுப்புவது, புகார் வந்தால் சமாளிப்பது எல்லாம் என் பொறுப்பு. சமீபத்தில் இது ஐந்தாவது புகார். எல்லாவற்றிலும் டீ ஊற்றும் மூக்குதான் உடைந்து போயிருக்கிறது.

இன்றைய ஆள் முடிதிருத்தும் கடைக்காரர். ஒரே படம், அதுவும் மங்கல். நான்கு பக்கமும், அடிப்பக்கமும், பெட்டியோடு சேர்த்தும் படம் வேண்டும், அது எங்கள் நிறுவன விதி என்று எழுதினேன். நிறுவனம் என்பது நான், தங்கை, ஒரு கத்தரிக்கோல்.

மார்ச் 5, வியாழன்

கடைக்காரர் ஃபோன் செய்தார். ஜாடி வந்த பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டாராம். அப்படியானால் பணம் திருப்ப முடியாது என்றேன், மிக மரியாதையாக.

"ஏங்க, உடைஞ்ச ஜாடிய கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்க வச்சு எல்லாப் பக்கமும் போட்டோ எடுக்கணுமா?"

"விதிங்க" என்றேன்.

மார்ச் 6, வெள்ளி

அவர் விற்பனைத் தளத்தில் புகார் கொடுத்துவிட்டார். செவ்வாய்க்குள் தீர்க்காவிட்டால் எங்கள் கடையை முடக்கிவிடுவார்களாம். கடை போனால் தங்கை மறுபடியும் அந்தக் காப்பீட்டு அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். அந்த வேலையை அவள் விட்டபோது, "விக்கிறத நான் பாத்துக்கிறேன்" என்று வீரம் பேசியது நான்.

அவளிடம் சொல்லவில்லை. தப்பு கூரியர்காரருடையது என்று முடிவுகட்டி நீளமாகப் புகார் எழுத உட்கார்ந்தேன். ஆதாரம்? அதை மற்றவர்களிடம் கேட்பதில்தான் நான் கெட்டிக்காரி.

மார்ச் 8, ஞாயிறு

தளத்தின் அறிவிப்பு அவள் கைபேசிக்கும் போகிறதாம். போயிற்று மானம்.

அவள் கத்தியிருந்தால் தேவலை. நான் ஜாடி கட்டுவதை எதிரே உட்கார்ந்து பார்த்தாள். வழக்கம்போல் காகிதத்தை நீவி, ஓரம் சேர்த்து மடித்து, ஜாடியைச் சுற்றினேன்.

"அக்கா, ஜாடி கட்டுறியா, இஸ்திரி போடுறியா?"

"நீட்டா இருக்க வேணாமாடி?"

"பேப்பர் நீட்டாத்தான் இருக்கு. இடியெல்லாம் ஜாடி வாங்குது. கசக்கி அடைச்சாத்தான்க்கா மெத்துனு இருக்கும்."

நம்பவில்லை. நிரூபி என்றேன். நிறம் திரிந்த இரண்டு ஜாடிகளைக் கொண்டுவந்தாள். ஒன்று என் கட்டு, ஒன்று அவள் கட்டு. இரண்டையும் மேசையிலிருந்து தள்ளினோம். அவள் பெட்டி தொம்மென்று விழுந்தது. என் பெட்டிக்குள் களுக்.

மூக்கு. அந்த மங்கலான படத்தில் முறிந்திருந்த அதே இடம்.

இரண்டு பட்டம் வாங்கினேனே — ஒரு பேப்பரைக் கசக்கத் துப்பில்லையே எனக்கு!

"ஏன்டி முன்னாடியே சொல்லல?"

"நீ கட்டும்போது பக்கத்துல வந்தாலே முறைப்ப. எவ வாயக் கொடுப்பா?"

மார்ச் 9, திங்கள்

முன்பு நான் மறுத்த நான்கு பேருக்கும் பணத்தைத் திருப்பிவிட்டு, கடைக்காரரைக் கூப்பிட்டேன்.

"தப்பு எங்க மேலதாங்க. இல்ல... என் மேல. உங்க பணத்த அனுப்பிடுறேன்."

அந்தப் பக்கம் கத்தரிச் சத்தம் நின்றது.

"பணம் வேணாங்க. கடைக்கு வர்றவங்களுக்கு டீ குடுக்கத்தான் ஆசையா வாங்கினேன். வேற அனுப்புங்க. முழுசா வந்தா புகார எடுத்துடுறேன். இல்லேன்னா வருத்தப்படாதீங்க."

நானே கட்டினேன். கசக்கிய காகிதத்தை விரல் தானாக நீவப் போனது. தங்கை கையில் ஒன்று போட்டாள். முடித்த பெட்டி குப்பைக்கூடை மாதிரி இருந்தது. மறுநாளே சேரும் கூரியரில் கொடுத்துவிட்டு வந்தேன். நாளை உடைந்துதான் போய்ச்சேரும் என்று நினைக்கிறேன்.

மார்ச் 10, செவ்வாய்

மத்தியானம் புகார் நீங்கிவிட்டதாகத் தளத்திலிருந்து தகவல். பின்னாலேயே கடைக்காரரிடமிருந்து படங்கள். நான் கேட்கவேயில்லை. ஜாடியின் முன்பக்கம், பின்பக்கம், இடம், வலம். கவிழ்த்துவைத்து அடிப்பக்கம். கடைசியில் பெட்டியோடு சேர்த்து ஒன்று. ஒன்றுகூட மங்கலில்லை.

கீழே ஒரு வரி: "விதிப்படி சரியாங்க?"