பழுதே இல்லாத பீரங்கி

1943 மார்ச் 8, ட்ரக் தீவுத் துறைமுகம்

இன்றும் போர் இல்லை. மதியம் மீன் வறுவல், பாண்டு வாத்தியத்தோடு. கத்தியும் முள்கரண்டியுமாகச் சாப்பிட்டோம். எங்கள் போர்க்கப்பலின் மூன்றாம் பீரங்கிக் கூண்டுக்கு நான் அதிகாரி; ஜப்பானின் மிகப் பெரிய பீரங்கிகள் அதில் இருக்கின்றன. இதுவரை அவற்றால் ஒரு கடற்காக்காயைக்கூடச் சுட்டதில்லை.

சண்டைக்குப் போகும் சின்னக் கப்பல் ஒன்று பக்கத்தில் வந்து, எங்கள் எண்ணெயைக் குழாய் போட்டு உறிஞ்சிக்கொண்டு, நாலு பெட்டி சோடாவும் வாங்கிக்கொண்டு போனது. சண்டைக்கே போகாத எங்கள் கப்பலுக்கு ஹோட்டல் என்று பட்டப்பெயர். போகும்போது அதிலிருந்து ஒருவன் கேட்டான்: "ஐயா, ரூம் காலியா இருக்கா?"

ஆகஸ்ட் 20

ஒகுனோ எங்கள் கப்பலுக்கே மாற்றலாகி வந்துவிட்டான். கடற்படைப் பள்ளியில் என் பக்கத்துக் கட்டில்காரன். விமானத்தைச் சுடும் சிறு பீரங்கிகளை அவன் தேர்ந்தெடுத்தபோது, கொசு அடிக்கப் போகிறாயா என்று கேட்டேன். அதை இன்னும் மறக்கவில்லை, பாவி.

"உன் பீரங்கி நாப்பது கிலோமீட்டர் சுடும், சரி. எதிரி முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால இருந்து விமானத்தை அனுப்புறானே. கொஞ்சம் கிட்ட வரச் சொல்லி லெட்டர் போடேன்டா."

1944 மே 3

எனக்கும் கொசு அடிக்கும் யோகம். விமானங்களுக்கென்று புதுக் குண்டு தந்திருக்கிறார்கள், வானத்தில் வெடித்து நெருப்பாய்ச் சிதறுமாம். ஒரே ஒரு சங்கடம். என் பீரங்கி வெடித்தால், திறந்த தளத்தில் நிற்பவன் அந்த அதிர்ச்சியிலேயே செத்துப்போவான். அதனால் மணி அடிப்பார்கள், தளத்து ஆட்கள் உள்ளே ஓட வேண்டும், பிறகு நான் சுடுவேன்.

"அதாவது விமானம் வர்ற நேரமா பாத்து, விமானத்தைச் சுடுறவன் ஒளிஞ்சுக்கணும். பிரமாதம்," என்றான் ஒகுனோ.

"மணி அடிச்சா ஓடி வந்துருடா."

"கேட்டா வர்றேன்."

அக்டோபர் 24

காலையிலிருந்து விமானங்கள். எதிரிக் கப்பல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

மணி அடித்தார்கள். அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? பார்வைக்குழாயில் பார்த்தேன் — ஒகுனோவும் அவன் ஆட்களும் என் பீரங்கிக்கு நேர் கீழே நின்று சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். போடா உள்ள, போயேன்டா — இரும்புச் சுவருக்குள்ளிருந்து கத்தி என்ன பயன்?

பேசுகுழாயில் கேப்டன்: "மூணாம் கூண்டு, என்ன தாமதம்? சுடு."

இத்தனை காலம் நான் ஏங்கிக் கிடந்த கட்டளை.

"குண்டு ஏத்துற யந்திரம் சிக்கிக்கிச்சு ஐயா. சுட முடியாது."

என் ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பிடியிலிருந்து கையை எடுத்தார்கள்.

அக்டோபர் 24, இரவு

கூடவே வந்த போர்க்கப்பல் மூழ்கிவிட்டது. அதன் பீரங்கிகளும் பெரியவைதான்.

நவம்பர் 3

கூண்டைச் சோதித்தார்கள். ஒரு பழுதும் இல்லையாம். இந்தக் கடற்படையில் பழுதில்லாத ஒரே பொருள் அதுதான் போலிருக்கிறது.

கேப்டன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சுடத் தெரியாதவனுக்குப் பெரிய பீரங்கி எதுக்கு?" நாளை முதல் நான் தளத்தில், ஒகுனோவுக்குக் கீழே, கொசு அடிக்க.

பாண்டு வாத்தியம் இல்லை. சோற்றுருண்டைதான். ஒகுனோ எல்லார் முன்னாலும் ஆரம்பித்தான்: "ரெண்டு வருஷம் மெருகு போட்டு வச்சிருந்தான். வேலைனு வந்த அன்னிக்கு மக்கர் பண்ணிடுச்சு. மணிகூட அடிச்சாங்களாமே, எனக்குக் கேக்கவே இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடைசியில் உட்கார்ந்திருந்தவன் வாய்க்குள்ளேயே ஊறுகாய் கேட்டான். ஒகுனோ உடனே திரும்பி எடுத்துக் கொடுத்தான். அவனுக்குக் காது நன்றாகவே கேட்கிறது.