சட்டைப்பையில் தீப்பெட்டி

என்னங்க,

குழம்பு அடுப்புமேல இருக்கு, சூடு பண்ணிக்கோங்க. பதினொரு மணிக்கு டீச்சரம்மா பட்டு ஜாக்கெட் வாங்க வருவாங்க.

நேத்து உங்க சட்டைப்பையில தீப்பெட்டியைப் பார்த்ததும், மறுபடியும் சிகரெட் ஆரம்பிச்சுட்டீங்கன்னு வாய்க்கு வந்தபடி கத்திட்டேன். நீங்க பாட்டுக்கு டீச்சரம்மா ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைச்சுக்கிட்டு இருந்தீங்க. காலையில துவைக்க எடுத்தப்பதான் திறந்து பார்த்தேன். உள்ள கிராம்பு! சிகரெட் நினைப்பு வந்தா இதைத்தான் மெல்லறீங்களா?

புகை உங்க கைத்தோல்ல இருக்கிற எக்ஸிமாவைக் கிளறிவிடும்னு டாக்டர் சொன்ன அன்னிக்கே இருபது வருஷப் பழக்கத்தை விட்டீங்களே, அந்த மனசு யாருக்கு வரும்? முன்னெல்லாம் உங்க விரல் வெடிப்புல பட்டு நூல் சிக்கி இழுக்கும். இந்த ஜாக்கெட்ல ஒரு இழைகூடப் பிசகல.

களிம்பு தையல் மெஷின்மேல இருக்கு.

பி.கு.: பெட்டியில நாலு கிராம்புதான் இருந்துச்சு. நிறைச்சு வச்சிருக்கேன்.