மீதிச் சொல்

மார்ச் 3, செவ்வாய்

பல் ஆஸ்பத்திரியில் இன்று நல்ல கூட்டம். வரவேற்பு மேசையில் சில வருடம் உட்கார்ந்தால் ஒரு வித்தை கைவந்துவிடும். வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு வருகிறவர் "ங்ஆ" என்றாலே மாத்திரை கேட்கிறாரா, அடுத்த வாரம் வரணுமா என்கிறாரா என்று எனக்குத் தெரிந்துவிடும். "உங்களுக்குப் பஞ்சு பாஷை அத்துப்படி" என்றார் டாக்டர். பெருமையாகத்தான் இருந்தது.

சாயங்காலம் மாநாட்டு வேலை. திக்கிப் பேசுகிறவர்களின் வருடாந்திர மாநாடு, ஏப்ரல் 11, 12. தம்பிதான் இந்த முறையும் தலைமை அமைப்பாளன். அமைப்பாளர்கள் எல்லாரும் தன்னார்வலர்கள், அவரவர் பிழைப்புக்கு நடுவே ஓடி வருகிறவர்கள். அவர்களைக் கவனித்துக்கொள்வது என் பொறுப்பு. யாருக்கு எந்த வேலை, யாருக்கு வீட்டில் என்ன சங்கடம், எல்லாம் நான்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கூட்டத்திலேயே திக்காதவள் நான் ஒருத்திதான். நிற்காமல் பேசுவதால் எனக்கு வைத்திருக்கும் பெயர் ரயில். அங்கே எல்லாருக்குமே பட்டப்பெயர்தான். சொந்தப் பெயரைச் சொல்வதுதான் அவர்களுக்கு ரொம்பக் கஷ்டம்.

மார்ச் 8, ஞாயிறு

காலையிலிருந்து போன். அமைப்பாளர்களுக்குள் மெசேஜ் கூடாது, எல்லாம் பேச்சில்தான் — நான் கொண்டுவந்த வழக்கம். மெசேஜுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் வாய் எப்போது பழகும் என்று போன மாநாட்டில் மைக் பிடித்துக் கேட்டேன். பலத்த கைதட்டல்.

தையல்காரரைப் பிடித்தேன். வாசலில் நிற்க அவரை விட்டால் ஆள் கிடையாது. முதல் தடவை வருகிறவர்கள் தெருமுனை வரை வந்து திரும்பிப் போய்விடுவார்கள். அவர் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, தன் பட்டப்பெயரையே நிதானமாகத் திக்கிச் சொல்லி, அப்படியே சிரிப்பார். வந்தவருக்குப் பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

"அண்ணா, ரெண்டு நாளும் வாசல்ல நிக்க முடியுமா?"

"மு... மு... முடி—"

"முடியும்! நீங்க இதைத்தான் சொல்வீங்கன்னு தெரியும்ணா. ரொம்ப தேங்க்ஸ்."

அவ்வளவுதான். அடுத்த ஆளுக்குப் போட்டேன். மதியத்துக்குள் எல்லா வேலைக்கும் ஆள் சேர்த்தாகிவிட்டது.

மார்ச் 15, ஞாயிறு

நூலக மாடியில் கூட்டம். முடிந்த பிறகும் தையல்காரர் போகாமல் நின்றுகொண்டிருந்தார். நான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். "அ... அன்னிக்கு வீ... வீட்ல..." என்றார்.

"வீட்ல சொல்லிட்டீங்களா? நல்லதாப் போச்சு. அண்ணியையும் கூட்டிட்டு வாங்க."

தலையை ஆட்டிவிட்டுப் போனார். தங்கமான மனிதர்.

மார்ச் 27, வெள்ளி

மண்டப வாசலுக்கு அட்டை எழுதினேன்: "சொல்கிறவர் சொல்லி முடிக்கட்டும். காத்திருங்கள்." எழுத்து அழகாக வந்திருக்கிறது.

ஏப்ரல் 11, சனி

எழுதவே கை வரவில்லை. எழுதத்தான் வேண்டும்.

காலையிலிருந்து தையல்காரர் வாசலில்தான் நின்றார். சிரிப்பு என்னவோ ஒட்டவைத்தது மாதிரி இருந்தது. அடிக்கடி தெருவைப் பார்த்தார். வெயில்தான் காரணம் என்று தண்ணீர் கொடுத்தேன். முதல் அமர்வில் மேடையில் அவரைப் பாராட்டிப் பேசவும் செய்தேன்.

மதியம் ஒரு பெண் புதிதாக வந்தாள். தன் பெயரைச் சொல்ல ஆரம்பித்து நடுவில் நின்றுவிட்டாள். அவர் அவள் கையைப் பிடித்தபடி காத்திருந்தார். அப்போது அவர் பையில் போன் அடித்தது. அவளை விட்டுவிட மனமில்லாமல் போனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

ஆஸ்பத்திரி நர்ஸ். "கர்ப்பப்பையை எடுத்தாச்சு, நல்லபடியா இருக்காங்க. முழிச்சதுலேருந்து வீட்டுக்காரர் எங்கன்னே கேக்கறாங்க. பக்கத்து வீட்டம்மா மட்டுந்தான் கூட இருக்காங்க. அவர் வருவாரா, மாட்டாரா?"

"ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்றாள்.

திரும்பினேன். அவர் என்னைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினார். பொறு. அந்தப் பெண் தன் பெயரைச் சொல்லி முடித்து, அழுது, சிரித்து, உள்ளே போன பிறகுதான் என் பக்கம் வந்தார். "அண்ணிக்கு நல்லா ஆயிடுச்சாம்" என்றேன். அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார்.

"ஏண்ணா என்கிட்ட சொல்லல?"

"சொ... சொன்னேனே. மு... முடி... முடியாதுன்னு."

வண்டி பிடித்துப் போய்விட்டார். அவர் இடத்தில் நான் நின்றேன், தலைக்கு மேலே என் அட்டை. ஒருவர் கேட் வரை வந்தார். நான் கடகடவென்று வரவேற்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "த... தப்பா வந்துட்டேன்" என்று திரும்பி நடந்தார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

மாநாடு நன்றாக நடந்ததாம். எல்லாரும் சொன்னார்கள். நான் சமையற்கட்டுப் பக்கமே இருந்துவிட்டேன். ஒருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஏப்ரல் 13, திங்கள்

தம்பியிடம் சொன்னேன். சொல்லும்போதே எனக்குச் சாதகமாகத்தான் சொன்னேன், சீ. "ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம் இல்ல?" என்று வேறு கேட்டேன்.

"மெ... மெசேஜ் கூடாதுன்னு சொன்னது யாரு?"

தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"நம்ம பாஷையில உண்டா இல்லையாங்கறது க... கடைசியிலதான் வரும்க்கா. மு... முடியும், முடியாது. தெ... தெரியும், தெரியாது. அந்தக் கடைசியத்தான் நீ பி... பி..."

"பிடுங்கிக்கறேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. கோபம்கூட இல்லை. பழகிப்போன முகம். அய்யோ, இவனுக்கு என்னிடம் இது பழகியே போய்விட்டதா? "பி... பிச்சு எடுத்துக்கறேன்னு சொல்ல வந்தேன்" என்று முடித்துவிட்டுத் தட்டைக் கழுவப் போனான்.

ஏப்ரல் 16, வியாழன்

தையல்காரருக்குப் போன் போட்டுப் போட்டு, அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். எடுத்தால் அவர்தானே பேச வேண்டும்.

ஏப்ரல் 19, ஞாயிறு

அவர் வீட்டுக்கே போனேன். முன்னறையில் இரண்டு தையல் மிஷின், ஒரு கட்டில். கட்டிலில் அண்ணி. அவர் கடைக்குப் போயிருந்தார்.

அண்ணி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நான் உங்கள..." என்று ஆரம்பித்தாள்.

"மன்னிக்கவே முடியாது, எனக்குத் தெரியும் அண்ணி, நான்—"

"நான் இன்னும் முடிக்கல" என்றாள்.

நின்ற இடத்திலேயே செத்தேன்.

"உங்கள உக்காரச் சொல்ல வந்தேன். உக்காருங்க."

உட்கார்ந்தேன். அவளுக்குத் திக்கல் கிடையாது. ஆனாலும் மெதுவாகத்தான் பேசினாள். "அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து நின்னாரு. சொல்லப் பாத்தேன், முடியலன்னாரு. சொல்ல முடியலையா, வர முடியலையான்னு கேட்டேன். ரெண்டுந்தான்னாரு." தலையணையைச் சரிசெய்துகொண்டாள். "நீங்க மேடையில பாராட்டினதையும் சொன்னாரு. அப்பத்தான் எனக்கு அழுகை வந்துச்சு. கல்யாணமான நாள்லேருந்து அவர் சொல்லி முடிக்கற வரைக்கும் நான் காத்துக்கிட்டுதான் இருக்கேன். என் அடுப்பு அணைஞ்சு போகல. உங்களுக்கு அப்படி என்ன அவசரம்?"

உண்மையிலேயே என்ன அவசரம்? நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு. அவர்களுக்காகத்தான் ஓடுகிறேன் என்ற மிதப்பு. அவருடைய வார்த்தை என் ஓட்டத்துக்கு இடைஞ்சல், அவ்வளவுதானே?

மன்னிப்பு கேட்டேன். அண்ணி சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நானும் பதில் கேட்டு நெருக்கவில்லை. கிளம்பும்போது வாசலில் தையல்காரர் எதிரே வந்தார். ஒதுங்கி வழிவிட்டார், யாரோ வாடிக்கையாளருக்கு விடுவது போல.

மே 6, புதன்

அமைப்பாளர் கூட்டம். மெசேஜ் கூடாது என்ற வழக்கம் வேண்டாம் என்று சொன்னேன், ஏன் என்பதையும் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. தையல்காரர் வரவில்லை.

மே 20, புதன்

வாய் நிறையப் பஞ்சோடு ஒரு பெரியவர் மேசைக்கு வந்தார். "ங்ஊ" என்றார். மாத்திரைச் சீட்டை எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன். காத்திருந்தேன். கடைசியில் ஜாடை காட்டினார். கழிப்பறை எங்கே என்று கேட்டிருக்கிறார். இத்தனை நாள் எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினேனோ.

ஜூன் 7, ஞாயிறு

வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது போன். தையல்காரர். அவர் வீட்டு வாசலில் வழிவிட்ட பிறகு முதல் தடவை.

"ர... ர... ரயிலு."

"சொல்லுங்கண்ணா." அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

"அ... அடுத்த வருஷம் வா... வாசலுக்கு... மு... மு... முடி—"

நின்றுவிட்டது. முடியும் என்று நாக்கில் ஒன்று துள்ளியது. பின்னாலேயே முடியாது என்று இன்னொன்று. இரண்டையும் பல்லால் கடித்துக்கொண்டு நின்றேன். வாளி நிரம்பி வழிய ஆரம்பித்தது. குழாயை மூடப் போனால் அந்தச் சத்தத்தில் அவர் நிறுத்திவிடுவாரோ என்று பயம். அசையவில்லை.

"முடி... முடிவு பண்ணிட்டேன்."

இரண்டும் இல்லை!

"நா... நான் நிக்கறேன். ஆனா நீங்க எ... என் பக்கத்துல நிக்கணும். ரெண்டு நாளும்."

சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் மூச்சு இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது, ஏதோ பாக்கி இருந்தது. மூடிக்கொண்டேன்.

"பே... பே... பேசாம."

பின்னால் அண்ணி சிரிப்பது கேட்டது. அவர் போனை வைத்த பிறகு குழாயை மூடினேன். அடுப்படித் தரை முழுக்கத் தண்ணீர். துணியைப் போட்டுத் துடைத்தேன்.