இருட்டடிப்பு வார்டில் மேட்ரன் மார்கரெட்

லிவர்பூல்
8 ஜூன் 2025

அன்புள்ள அத்தைக்கு,

வித்யா எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். பேசினால் நான் அழுவேன், நீங்கள் அதட்டுவீர்கள், பாதியில் "சரி, வச்சிருதேன்" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் மெயில். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் மகன் முத்துகுமரன் நடத்திவந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை நான் திரும்பத் தொடங்கப் போகிறேன். அவர் போன இந்த இரண்டு வருஷத்தில் நாங்கள் யாரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. போன வாரம் துணிந்து அவருடைய பழைய கூட்டாளிகளுக்குச் செய்தி அனுப்பினேன். பெங்களூரிலிருந்து லிங்கேஸ்வரன், ஷார்ஜாவிலிருந்து ஜன்னத், பக்கத்து மான்செஸ்டரிலிருந்து சிவசைலம், மூன்று பேரும் காபி ஆறுவதற்குள் சரி என்று பதில் போட்டுவிட்டார்கள்.

உங்களுக்கு இந்த ஆட்டம் புரிந்ததே இல்லை என்பார் அவர். சுலபம்தான் அத்தை. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "நீ இருட்டில் நிற்கிறாய், மாடியில் காலடி கேட்கிறது, என்ன செய்வாய்?" என்று நடத்துபவர் கேட்பார். ஆடுபவர் அந்தப் பாத்திரமாகவே பதில் சொல்ல வேண்டும். சொன்னது பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். எல்லாம் கம்ப்யூட்டர் திரையில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே.

இதுவரை நான் ஆடினவள். இனி நடத்தப் போகிறவள். பேய்க்கதை. 1941, போர்க்காலம், நான் இருக்கும் இதே லிவர்பூல். குண்டு போட விமானங்கள் வரும் என்பதால் பொழுது சாய்ந்தால் ஊரே இருட்டடிப்பு. தெருவிளக்கு கிடையாது, ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. அந்த ஊரில் ஒரு ஆஸ்பத்திரி. அங்கேதான் கதை.

முப்பது வருஷம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவர் நீங்கள். விளக்கில்லாத வார்டு எப்படியிருக்கும் என்று எனக்கு எழுதுங்கள்.

பிரஷர் மாத்திரையை மாற்றியதை என்னிடம் சொல்லாமல் லிங்கேஸ்வரனிடம் சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் கோபம் தனியாக இருக்கிறது.

உங்கள் அன்பு மருமகள்
வித்யாலட்சுமி


தென்காசி
15 ஜூன் 2025

என் கண்ணு வித்யாவுக்கு,

நலம். மாத்திரையைப் பற்றிக் கேட்டால் நீ அங்கே உட்கார்ந்து இன்டர்நெட்டில் படித்துவிட்டு எனக்கே வைத்தியம் சொல்வாய். அதனால் சொல்லவில்லை. கோபத்தை வைத்துக்கொள், கெட்டுப்போகாது.

சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்துக்குப் போகிற காரும் வேனுமாக ரோட்டைக் கடக்க முடியவில்லை. காற்றுக்கு மரம் சாய்ந்து இரண்டு நாளாகக் கரண்டும் வருவதும் போவதுமாக இருக்கிறது. உன் கதைக்கு ஏற்ற நேரத்தில்தான் கேட்டிருக்கிறாய்.

எனக்கு ஆட்டம் புரியாதா? அவன் காலேஜ் லீவில் வந்திருந்தபோது ரூமைச் சாத்திக்கொண்டு, "ஓடுங்கலே, பின்னால வருது, ஓடுங்க!" என்று கத்தினான். நான் விளக்குமாற்றோடு உள்ளே போனேன். பார்த்தால் தன்னந்தனியாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். அன்றைக்கே புரிந்துவிட்டது, பைத்தியம் இல்லை, விளையாட்டுதான் என்று.

வார்டு விஷயத்துக்கு வருகிறேன். நீ இருட்டில் சத்தம் போட்டுப் பயமுறுத்தப் பார்ப்பாய். நர்ஸ் சத்தத்துக்குப் பயப்பட மாட்டாள். இருட்டில் அவளுக்குக் காதுதான் கண். கடைசிக் கட்டில் கிழவி குறட்டை விடுகிறாள், மூன்றாம் கட்டில்காரி முனகுகிறாள், பிள்ளை ஒன்று சப்புக்கொட்டுகிறது என்று ஒவ்வொன்றாகக் காதில் வாங்கிக்கொண்டே நடப்பாள். அதில் ஒரு சத்தம் நின்றால்தான் பயந்து அந்தக் கட்டிலுக்கு ஓடுவாள். உன் பேய் வரும்போது எதையாவது நிறுத்து.

இன்னொன்று. யோசனை சொல்லிவிட்டு ஓரமாக உட்காருகிற ஆள் நான் இல்லை. எனக்கும் ஒரு பாத்திரம் வேண்டும்.

அத்தை
நாச்சியார்


லிவர்பூல்
29 ஜூன் 2025

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸில் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்து எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தேன். பேய் வந்தால் எதையாவது நிறுத்த வேண்டும் என்றீர்களே, அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். வார்டில் ஒவ்வொரு சத்தமாக நிற்கும். கடைசியில் சுவர்க் கடிகாரமும் நிற்கும். அப்போதுதான் கதவு தட்டப்படும்.

ஆடுபவர்கள் திட்டத்தைப் படிக்கக் கூடாது என்பது விதி. போனில் நீங்கள், "படிச்சிட்டுப் படிக்காத மாதிரி இருக்கத் தெரியாதாட்டி எனக்கு? எத்தனை பேஷண்டு வீட்டாளுக முன்னால மொகத்துல ஒண்ணையும் காட்டாம நின்னவ நான்!" என்று அதட்டியதால் உங்களுக்கு மட்டும் விலக்கு. முழுத் திட்டத்தையும் இதோடு அனுப்பியிருக்கிறேன்.

சுருக்கம் இதுதான். குண்டுவீச்சில் செத்தவர்களின் குரலை ஏதோ ஒன்று எடுத்துக்கொண்டு அலைகிறது. யாரைத் தேடி வருகிறதோ, அவருக்கு மிகவும் வேண்டிய ஒருவரின் குரலில் கதவுக்கு வெளியே நின்று கூப்பிடும். திறந்தால் உள்ளே வரும். வந்தால் வார்டில் ஒரு கட்டில் காலியாகும்.

லிங்கேஸ்வரன் ஆம்புலன்ஸ் டிரைவர். அவனை அண்ணன் குரல் கூப்பிடும். ஜன்னத் சமையல்காரி, அவளுக்கு மகளின் குரல். சிவசைலம் தீயணைப்பு வீரர், ஆஸ்பத்திரிக் கூரையில் காவல் இருப்பவர். அந்தக் காலத்தில் இங்கே ஆயா வேலைக்குக் கப்பலில் வந்த நம்மூர்ப் பெண்கள் இருந்தார்கள். உங்களுக்கு அப்படி ஒரு பாத்திரம் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் மூன்று, ஞாயிறு, உங்களுக்குச் சாயங்காலம் ஆறு மணி. எனக்கு நம்பிக்கை இருக்கிறது அத்தை. அவர் நடத்தியதைவிட நன்றாகவே நடத்துவேன்.

வித்யா


தென்காசி
6 ஜூலை 2025

கண்ணு வித்யாவுக்கு,

ஆயாவா? முடியாது. மேட்ரன் வேலை கொடு. பெயர் மார்கரெட். வெள்ளைக்காரி தென்காசித் தமிழ் பேசுவாளா என்று யாரும் கேட்கக் கூடாது.

திட்டத்தை இரண்டு முறை படித்தேன். நன்றாக இருக்கிறது. சமையல்காரியின் மகள் வெளியே நின்று, கஞ்சி ஆறிவிட்டதா என்று கேட்கிற இடத்தில் எழுந்துபோய் வாசல் கதவைத் தாழ்ப்போட்டுவிட்டு வந்தேன். பட்டப்பகல். எதிர்வீட்டு சுகந்தி, "என்னக்கா, யாரும் வாராகளா?" என்று கேட்கிறாள்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். தப்பாக நினைக்காதே.

லிங்கேஸ்வரனை மூன்று இடத்தில் சாகவிடப் பார்க்கிறாய். ஜன்னத்துக்குப் படிக்கட்டு இடிகிறது, நெருப்புப் பிடிக்கிறது, பாவம், தண்ணீரிலும் விழுகிறாள். நீ தொடாமல் விட்டது இரண்டு பேரை. ஒன்று நான். என் கதவை யாருமே தட்டவில்லை. யார் குரலில் தட்ட வேண்டியிருக்கும் என்று உனக்குத் தெரியும்; எனக்கும் தெரியும். நான் நொறுங்கிவிடுவேன் என்று பயந்திருக்கிறாய். நொறுங்க மாட்டேன். எழுது.

இன்னொரு ஆள் சிவசைலம். குண்டு விழுகிற ஊரில், கூரைமேல் நிற்கிற தீயணைப்பு வீரன் மேல் ஒரு ஓடுகூட விழவில்லை. இவன் ஒருவனுக்கு மட்டும் பகடையே உருட்ட வேண்டியதில்லை என்பதுபோல எழுதியிருக்கிறாய்.

பிரசவ வார்டில் இருந்தவள் நான். வெளியே வராந்தாவில் யார் எந்தக் கட்டிலுக்காக நிற்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

சாப்பிட்டாயா? பாவூர்சத்திரத்தில் சின்ன வெங்காயம் நன்றாக இருந்தது, வடகம் போட்டு வைத்திருக்கிறேன். வெயில் காணாமல் காய மாட்டேன் என்கிறது.

அத்தை


லிவர்பூல்
20 ஜூலை 2025

அன்புள்ள அத்தைக்கு,

இரண்டு வாரம் பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். நாலைந்து முறை தொடங்கி அழித்தேன்.

நீங்கள் கேட்டது சரி. சிவசைலம் மார்ச் மாதம், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று என்னைக் கேட்டார். நேராகவே கேட்டார், வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தபோது, இந்த வீட்டுச் சமையலறையில், பாத்திரம் துலக்கிக்கொண்டே. "அவசரம் இல்லை. இல்லைன்னு சொன்னாலும் ஞாயித்துக்கிழமை வருவேன்" என்றார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. வேறு யாருக்கும் தெரியாது, என் அப்பாவுக்கும்.

அவரைக் கூரையிலிருந்து விழவைக்கும் காட்சியை எழுத உட்கார்ந்தேன் அத்தை. கை வரவில்லை. பனியில் கார் சறுக்கியது என்று போலீஸ் வந்து சொன்ன அந்தக் காலைதான் கண் முன்னால் வந்தது. விளையாட்டில்கூட இன்னொரு முறை முடியாது என்று தோன்றியது. அப்போதுதான் என் மனது எனக்கே தெரிந்தது.

உங்களிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் கொடுத்துவிடுவீர்கள், உள்ளுக்குள் எதை விழுங்கினீர்கள் என்று எனக்குத் தெரியாமலே போய்விடும். முதலில் தெரிய வேண்டிய ஆள் நீங்கள் என்பதால் சொல்கிறேன். பள்ளிக்கூட வயதிலேயே அம்மாவைப் பறிகொடுத்தவள் நான். முத்துகுமரனோடு உங்களையும் இழப்பதாக இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம் என்றுகூட நினைத்தேன். பிறகு, அது உங்களுக்கே பிடிக்காது என்றும் நினைத்தேன்.

உங்கள் காட்சியை எழுதிவிட்டேன். அனுப்பவில்லை. அன்றைக்கு ஆட்டத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சிவசைலத்தின் கூரைக்கும் பகடை வைத்துவிட்டேன். ஆட்டத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்றால் சொல்லுங்கள்.

வித்யா


தென்காசி
24 ஜூலை 2025

வித்யாவுக்கு,

தள்ளிப்போட வேண்டாம். மூன்றாம் தேதி வருகிறேன். சுகந்தி மகள் கம்ப்யூட்டரைச் சரிசெய்து கொடுத்துவிட்டாள்.

மற்றதற்குப் பிறகு எழுதுகிறேன்.

நாச்சியார்


லிவர்பூல்
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அத்தைக்கு,

நேற்று முடிந்ததும் "நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். போனையும் எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வார்டில் சத்தங்கள் ஒவ்வொன்றாக நின்றன. மேட்ரன் மார்கரெட் கட்டில் கட்டிலாகப் போய்ப் போர்வையை இழுத்துவிட்டாள். கடிகாரம் நின்றது. நான் எழுதிவைத்ததை வாசித்தேன். "எம்மா, குளிருதும்மா. கதவைத் தொறங்க." அதே நொடி உங்கள் திரை கறுத்துப்போனது.

ஜன்னத் அழுதுகொண்டிருந்தாள். "அம்மா, லைன்ல இருக்கீயளா?" என்று சிவசைலம் இரண்டு தரம் கூப்பிட்டார். கெடுத்துவிட்டேன், தாங்க முடியாததைத் தூக்கி உங்கள் தலையில் வைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்புறம் திரும்பி வந்தீர்கள். முகம் கழுவியிருந்தது. கதவு வெறும் வாய்ப்பேச்சில்தான் இருக்கிறது, ஆனாலும் கதவுக்குச் சொல்வதுபோலச் சொன்னீர்கள்: "ஏலே, குளிருதுன்னா அங்கனயே போர்வை கேட்டு வாங்கிக்க. இங்கன வார்டு நெறையா ஆளு கெடக்கு. ஒருத்தரையும் விட்டுட்டு வர முடியாது. எனக்கு நேரம் வரும்போது நானே வாரேன்." பகடையை உருட்டச் சொன்னேன். "எதுக்கு? நான்தான் தொறக்கலையே" என்றீர்கள். எட்டு வருஷம் முன்பே இந்த ஆட்டத்துக்கு வந்தவள் நான். பகடை வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் நீங்கள்.

அடுத்தது கூரை. உருட்டிய பகடை மிக மோசமாக விழுந்தது. மாற்றலாம் என்று கை துடித்தது, மாற்றவில்லை. தீயணைப்பு வீரன் செத்துப்போனான். சிவசைலம், "முதல் நாளே கொன்னுட்டியா? சரி, அடுத்த வாரம் நான் யாரா வரட்டும்?" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இன்று காலை அவருக்கு நான் சரி என்று சொல்லிவிட்டேன். உங்கள் பதிலுக்குக் காத்திருக்காமல் சொன்னேன். அது உங்களை வருத்தியிருந்தால் அதட்டுங்கள். பேசாமல் மட்டும் இருக்காதீர்கள்.

வித்யா


தென்காசி
7 ஆகஸ்ட் 2025

என் கண்ணு வித்யாவுக்கு,

கரண்ட் போகவில்லை. நான்தான் அணைத்தேன். அடுக்களையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் சத்தத்துக்குள்ளே அழுதேன். அவன் போனபோது வந்தவர்களைக் கவனிக்கவும் உன்னைப் பிடித்துக்கொள்ளவும்தான் நேரம் இருந்தது. நின்று அழ எனக்கு இடம் கிடைக்கவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமைதான் கிடைத்தது. நீ எதையும் கெடுக்கவில்லை.

பொய் சொல்ல மாட்டேன். உன் ஜூலைக் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. உன் மேல் இல்லை, சிவசைலம் மேலும் இல்லை. யார் மேல் என்று தெரியாத கோபம். பஸ் ஏறி ஐந்தருவிக்குப் போனேன். பெண்கள் வரிசையில் இடித்துப் பிடித்து உள்ளே போய்த் தலையைக் கொடுத்து நின்றேன். "பாட்டி, போதும், வெளிய வாங்க" என்று ஒரு போலீஸ்காரப் பிள்ளை விசில் ஊதுகிறாள். யாருட்டி பாட்டி என்று கேட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் நின்றேன். வீட்டுக்கு வரும்போது பசித்தது. கோபத்தில் பாதி போயிருந்தது. மீதி ஞாயிற்றுக்கிழமை போனது. தீயணைப்பு வீரன் செத்ததற்கு நீ சிரித்தாயே, அந்தச் சிரிப்பை இரண்டு வருஷமாக நான் கேட்கவில்லை.

எனக்காகக் காத்திருக்காமல் சரி சொன்னது நல்லது. காத்திருந்தால்தான் அதட்டியிருப்பேன்.

உன் அப்பாவிடம் நேற்றே பேசிவிட்டேன். முதலில் சத்தம் போட்டார். "நீங்க யாரு இதைச் சொல்ல?" என்றார். "புள்ளையப் பெத்துப் பறிகொடுத்தவ நானே சொல்லுதேன். உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்றேன். சாயங்காலம் அவரே கூப்பிட்டுப் பையன் என்ன வேலை என்று கேட்டார். தை மாதம் பண்பொழி மலைக் கோயிலில் வைத்துக்கொள்ளலாம். படி ஏற முடியாதவர்களுக்கு வண்டிப் பாதை இருக்கிறது, நான் படியில்தான் ஏறுவேன். பெண் வீட்டுச் சார்பில் நிற்க ஒரு பொம்பளை வேண்டும். நான் நிற்கிறேன். யாராவது ஏதாவது சொன்னால் என்னிடம் அனுப்பு.

சிவசைலத்திடம் ஒன்று சொல்லிவை. காலேஜ் நாளிலிருந்து என்னை அம்மா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டான். அது இனிமேல் சரிவராது. பெண்ணைக் கொடுக்கிறவளை மாப்பிள்ளை என்ன முறை சொல்லிக் கூப்பிட வேண்டுமோ, அப்படிக் கூப்பிடட்டும். உனக்கு ஒன்றும் மாற்ற வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும் அத்தை
நாச்சியார்