ஏறாத வளையல்

மே 25, ஞாயிறு. பிரசவ வார்டு வராண்டா.

இன்று தங்கச்சி செல்விக்கு வளைகாப்பு. ஒன்பதாம் மாதம். போன மாதம் அவள் கை அளவு பார்த்துக் காளவாசல் கடைத்தெருவில் நான்தான் வளையல் வாங்கினேன். இன்று விரல் முட்டியைத் தாண்டவில்லை. அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. "உடம்பு போட்டுருக்கா. புள்ள நல்லா வளருது" என்றாள். நான் சோப்பு நுரை தடவி அழுத்தி ஏற்றினேன். "வலிக்குதுக்கா" என்றாள். "கொஞ்சம் பொறுடி" என்றேன்.

சாப்பிட உட்கார்ந்த எதிர்வீட்டு நர்ஸம்மா அவள் கை வீங்கியிருப்பதைப் பார்த்ததும் எழுந்துபோய் பிரஷர் மிஷினோடு வந்தார். நூற்று எழுபதுக்கு நூற்றுப்பத்து. கூட்டத்தில் படபடப்பாக இருக்கும் என்றேன். கால் மணி நேரம் உட்காரவைத்து மறுபடி பார்த்தார். குறையவே இல்லை.

"தலை வலிக்குதாம்மா?"

"மூணு நாளா வலிக்குது. அக்கா வெயிலுக்குன்னு சொல்லுச்சு."

செல்வி என்னைக் குறை சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

அப்படியே ஆட்டோ பிடித்து இங்கே வந்தோம். கையில் ஊசி மருந்து ஏற்ற வேண்டும், வளையலைக் கழற்றுங்கள் என்றார்கள். கழலவில்லை. துணி சுற்றி ஒவ்வொன்றாக நானே உடைத்தேன். அம்மா வெளியே போய்விட்டாள்.

இப்போது பிரஷர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறதாம். செல்வி தூங்குகிறாள். மணிக்கட்டில் வளையல் பதிந்த குழி மட்டும் இன்னும் மேலெழவில்லை. காலையில் அந்தக் கையைத்தான் கொழுகொழுவென்று இருக்கிறது என்று எல்லோரும் மாற்றி மாற்றிக் கிள்ளிக் கொஞ்சினோம்.