முதலில் கிணற்றைப் பார்த்தவர்

இஞ்சாருங்கோ, இன்று காலை என் போனுக்கு ஒரு படம் வந்தது. ஜப்பானில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்வளவு. உங்கள் கிணற்றடியில் ஊர்ச்சனம் வாளிகளோடு நிற்கிறது. புயலுக்குக் குழாய்த் தண்ணீர் நின்றுவிட்டதாம். அனுப்பியவர், வீட்டை எங்களுக்கு விற்ற அந்த அம்மா. லண்டனில், நோர்பரி வீட்டுக் குசினியில் தேத்தண்ணீரை ஆறவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆரம்பத்தில் உங்களுக்கு விசர் என்றுதான் நினைத்தேன். ஷிப்ட் முடிந்து வந்ததும் ஆளில்லாமல் மலிவு விலைக்கு வரும் ஜப்பான் வீடுகளைப் போனில் பார்க்கத் தொடங்கிவிடுவீர்கள். லண்டனில் ஒரு கார் நிறுத்தும் இடம்கூட எங்களால் வாங்க முடியாது. "வெளிநாட்டுக்காரருக்கும் எழுதிக் குடுப்பினம். விசாதான் தரமாட்டினம். வருசத்தில ரெண்டு மாசம் போய் இருந்தால் காணாதோ?" என்பீர்கள். டூட்டிங் தமிழ்க் கடையில் உங்களை "ஜப்பான்காரர்" என்று பகிடி பண்ணுவார்கள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாது.

வீடு பார்க்கப் போன அன்று அந்த அம்மா வாசலிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளிநாட்டவர் வாங்கிப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள், தான் வாழ்ந்த வீடு பாழாகிவிடும் என்று அவருக்குப் பயம். தரகர் அறைகளைக் காட்டத் தொடங்கினார். நீங்கள் யாழ்ப்பாணத்து ஆள் அல்லவா, வீடென்றால் முதலில் கிணறுதான்; நேரே பின்வளவுக்குப் போனீர்கள். கிணற்று மூடியை நகர்த்தி, தண்ணீர் அள்ளி, ஒரு வாய் குடித்தும் விட்டீர்கள். தரகர் பதறிப்போனார். நீங்களோ என்னைப் பார்த்து, "நல்ல தண்ணி, உப்பில்லை, குடிச்சுப் பாரும்" என்றீர்கள். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இதுவரை வந்தவர்கள் கூரையைப் பார்த்தார்களாம், விலையைக் கேட்டார்களாம், கிணற்றை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லையாம். வீடு எங்களுக்குத்தான் என்று தரகரிடம் அங்கேயே சொல்லிவிட்டார். அடுத்த நாள் முழுக்க நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தது வேறு கதை.

அந்தக் கோடையே கிணறு இறைத்தீர்கள். எங்கள் ஊரில் செய்கிற மாதிரியே, இருந்த தண்ணீர் முழுவதையும் பம்பால் வெளியேற்றி, உள்ளே இறங்கிச் சேறு வாரினீர்கள். வேலியால் எட்டிப் பார்த்த அயலவர்கள் மத்தியானத்துக்கு முன்பே வந்து கயிறு பிடித்தார்கள். அவர்கள் பாஷையில் ஒரு சொல் தெரியாத மனுசன், கையைக் காட்டியே எல்லோரையும் வேலை வாங்கினீர்கள். அன்று எனக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு மகன் கேட்டுக்கொண்டே இருந்தான், "அம்மா, அந்த வீட்டை வித்திடுவமே? தனியப் போய் என்ன செய்யப்போறீங்கள்?" என்று. இந்தக் கிழமை முடிவு சொல்வதாக இருந்தேன். விற்கச் சொல்லத்தான் இருந்தேன்.

படத்துக்குக் கீழே அந்த அம்மா எழுதியிருந்ததைப் போன் மொழிபெயர்த்துக் காட்டியது: "எல்லோரும் இதை உங்கள் கணவருடைய கிணறு என்றுதான் சொல்கிறார்கள்."

உடனே மகனுக்குப் போன் எடுத்தேன். "வீட்டை விக்கவேண்டாம். நான் போறன், டிக்கெட்டைப் போடு" என்றேன். பிறகு டூட்டிங்குக்குப் போய், ஜப்பான் கிணற்றுக்கென்று சொல்லிப் புதுக் கயிறு ஒன்று வாங்கினேன்.

"என்ன அக்கா, நீங்களும் ஜப்பான்காரியோ இப்ப?" என்று கடைக்காரர் சிரித்தார்.

"ஓம்" என்றேன்.