இரண்டாவது ஸ்லாட்

விரலில் இன்னும் அழிரப்பர் வாசனை அடிக்கிறது. நம் பழைய கம்ப்யூட்டரின் மெமரி அட்டையை, அந்த ரேமைத் தேய்த்த வாசனை. கடல் காற்றில் அதன் பொன்னிறப் பற்கள் கறுத்துப் போயிருந்தன. பக்கத்தில் இருந்திருந்தால், "மெதுவாடா, அது ரேமு, தோசக்கல்லு இல்ல" என்றிருப்பாய்.

போன வாரம் உன் அம்மா போன் செய்தார். "தம்பி, நீங்க ரெண்டு பேரும் வச்சிருந்தீங்களே அந்தப் பொட்டி, அதுல எம் புள்ள கொரலு இருக்குமாப்பா?"

இருக்கும் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். உன் வீட்டில் காலேஜ் ப்ராஜெக்டுக்காக நாம் பதிவு செய்தோமே, அந்த ஃபைல். டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டலாம் என்றால், நீ போட்டு வைத்த பூட்டு இந்தக் கம்ப்யூட்டரின் போர்டில் மட்டும்தான் திறக்கும். யார் திருடப் போகிறார்கள் என்று அன்றைக்கே கேட்டேன். இப்போது பவர் போட்டால் நீளமாக பீப் சத்தம் மட்டும்தான். எவ்வளவு தேய்த்தும் அந்த ரேம் எழவில்லை.

நம் அறையில் உன் மேசை டிராயரில் இன்னொரு ரேம் கிடைத்தது. நீ தவளக்குப்பத்தில் பழசாக வாங்கி வந்தது. அன்று போர்டில் ரேம் செருகும் இரண்டு ஸ்லாட்டுகளில் முதலாவதில் செருகியதும் திரை நீலமாகி நின்றது. "குப்பைய வாங்கிட்டு வந்திருக்க" என்று தரையில் எறிந்தேன். நீ குனிந்து எடுத்தாய். "ரேமு நல்லாத்தான்டா இருக்கு. ஸ்லாட்டுதான் கெட்டிருக்கு. எடத்த மாத்தி ஒரு தடவ பாரேன்."

பார்க்கவில்லை. கதிர்காமத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டும் கேட்டாய்: "மாத்திப் பாத்தியாடா?" "பேசாம படு" என்றேன். நாம் கடைசியாகப் பேசியது அதுதான்.

இன்று காலை, பழக்க தோஷம், மறுபடி முதல் ஸ்லாட்டிலேயே செருகினேன். மெஷின் எழுந்துவிட்டது! ஃபைலை நகல் எடுத்தேன். உன் குரல் கரகரவென்று உடைந்தது. இன்னொரு முறை எடுத்தேன், வேறு இடத்தில் உடைந்தது. டிஸ்க் கெட்டிருந்தால் ஒரே இடத்தில் உடைய வேண்டும். இது ரேம் கோளாறேதான். 'அன்னிக்கே சொன்னேன்ல' என்று வாயெடுத்தேன். கேட்க நீ இல்லை.

அணைத்தேன். பிடுங்கி இரண்டாவது ஸ்லாட்டில் அழுத்தினேன். டக்.

ரேம் சோதனையை ஓட விட்டேன். இரண்டரை மணி நேரம். நான் எங்கே உட்கார்ந்தேன், அறைக்குள் நடந்துகொண்டே இருந்தேன். முடிவில், பிழை பூஜ்யம். பூஜ்யம்டா! போட்ட கத்தலில் கீழ் வீட்டுக்காரர், "என்ன தம்பி, கிரிக்கெட்டா?" என்று கேட்டார்.

ஃபைலை மறுபடி நகல் எடுத்தேன், இந்த முறை குரல் உடையவில்லை. அதை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு ஓடினேன். ப்ராஜெக்ட் பேச்சு தொடங்கும் முன்பே, மைக் ஓடுவது தெரியாமல் நீ கத்துகிறாய்: "மா, ரெண்டு டீ! இவனுக்கு சக்கர தூக்கலா போடு, வாயத் தொறந்தா கசப்பு."

அம்மா வாய்விட்டுச் சிரித்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். சர்க்கரை தூக்கல்.

அந்த ரேம் இரண்டாவது ஸ்லாட்டிலேயே இருக்கிறது. எடுக்க மாட்டேன்.

மாத்திப் பாத்துட்டேன்டா.